வெட்டவெளியில் அமர்ந்த இயக்கி: கானாயி குஞ்ஞிராமனின் சிற்பப் பணியும் திருவனந்தபுரத்தில் அதன் தாக்கமும்

திருவனந்தபுரம் கிடந்த கோலத்தால் பெயர்பெற்ற ஊர். நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் மங்களாசாசனம் செய்த பத்மநாபசுவாமி கோயிலின் மூலத்திருமேனி கல்லில் வடிக்கப்பட்டதன்று. கடுசர்க்கரை யோகம் எனப்படும் கலவையால் உருவாக்கப்பட்ட அப்படிமம் ஏறத்தாழ 18 அடி நீளம் உடையது. மூன்று வாயில்களின் வழியாகவே அதனை முழுமையாகக் காண இயலும். ஐப்பசியிலும் பங்குனியிலும் அக்கோயிலின் உற்சவத் திருமேனி ஆராட்டுக்காக ஊர்வலமாகச் செல்லுமிடம் சங்குமுகம் கடற்கரை. அதே கடற்கரையில் 1992ஆம் ஆண்டில் மற்றொரு கிடந்த உருவம் நிறைவுபெற்றது. 87 அடி நீளமும் 25 அடி உயரமும் கொண்ட அது காங்கிரீட்டால் ஆன ஒரு பெண்ணுரு. ‘சாகர கன்யகை’ எனப் பெயரிடப்பட்ட அச்சிற்பத்தைப் படைத்தவர் கானாயி குஞ்ஞிராமன்.

கோயில் சிற்பத்தையும் கடற்கரைச் சிற்பத்தையும் ஒருசேர வைத்து நோக்குவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். எனினும் கேரளத்தின் நவீனச் சிற்பக்கலை மேலைநாட்டிலிருந்து நேரே இறக்குமதியானது என்ற பொதுக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அறிய இவ்வொப்பீடு துணைசெய்கிறது. குஞ்ஞிராமனின் முதன்மையான படைப்புகளை முன்வைத்து, அவற்றின் மரபு வேர்களையும் அவை அடுத்த தலைமுறைச் சிற்பிகளிடம் ஏற்படுத்திய விளைவுகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையும் இலண்டனும்

குஞ்ஞிராமன் 1937ஆம் ஆண்டு வடகேரளத்தில், இன்றைய காசர்கோடு மாவட்டத்தின் செறுவத்தூரை அடுத்த குட்டமத்து என்னும் ஊரில் பிறந்தார். தெய்யம் ஆடப்படும் நிலப்பகுதி அது. முடியும் முகவெழுத்தும் தரித்து, மனித உடல் தன் இயல்பான அளவை மீறிப் பேருருவாக வளர்ந்து நிற்பதை ஆண்டுதோறும் கண்டு பழகிய மக்கள் வாழும் பகுதி. ஒரு கலைஞனின் இளமைச் சூழலிலிருந்து அவனுடைய படைப்புகளை முற்றாக விளக்கிவிட முடியாது. ஆயினும் குஞ்ஞிராமனின் சிற்பங்களில் உருவத்தின் பேரளவு அலங்காரமாக இன்றிப் பொருளாகவே அமைவதைக் காணும்போது தெய்யத்தின் நினைவு தவிர்க்க முடியாததாகிறது.

அவர் பயின்றது சென்னை ஓவியக் கல்லூரியில். 1929 தொடங்கி 1950களின் பிற்பகுதி வரை அந்நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. மெரீனாவில் 1959இல் நிறுவப்பட்ட ‘உழைப்பாளர் வெற்றி’ சிலையால் தமிழக மக்கள் அனைவரும் அறிந்த சிற்பி அவர். அவருக்குப்பின் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். இவ்விருவர் காலத்துக்கும் இடைப்பட்ட திருப்புமுனையில் அக்கல்லூரியில் பயின்றது குஞ்ஞிராமனுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு எனலாம். தசையும் நரம்பும் விம்மும் மெய்ம்மைச் சிற்பத்தின் ஆற்றல் ஒருபுறம்; இந்திய மரபின் வடிவங்களிலிருந்து புதிய மொழியை உருவாக்க வேண்டும் என்ற பணிக்கரின் தேடல் மறுபுறம். சிற்பி எஸ். தனபால் அங்கு ஆசிரியராக இருந்ததும் இங்குச் சுட்டத்தக்கது.

இக்கல்லூரியிலிருந்து வெளிவந்த சிற்பிகளுள் பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் போன்றோர் உலோகத் தகட்டையும் பற்றவைப்பையும் கையாண்டு, கோயில் கவசங்களையும் திருவாசிகளையும் நினைவூட்டும் முன்முகச் சிற்பங்களைப் படைத்தனர். பணிக்கர் 1966இல் நிறுவிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் அப்போக்கின் மையமாயிற்று. குஞ்ஞிராமனின் வழி வேறு. உலோகத்தின் நுண்வேலைப்பாட்டை விட்டு நிலத்தையும் வெட்டவெளியையும் நோக்கி அவர் நகர்ந்தார். சென்னைச் சிற்ப இயக்கம் பற்றிய நூல்களில் அவருக்கு உரிய இடம் கிடைக்காமற் போனதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் ஆகலாம். தமிழ்நாட்டார் அவரைக் கேரளத்தவராகக் கொண்டனர்; கேரளத்தாரோ அவருடைய சென்னைக் கல்வியைப் பெரிதாகப் பேசுவதில்லை.

1960களின் நடுப்பகுதியில் உதவித்தொகை பெற்று இலண்டன் ஸ்லேடு கலைப்பள்ளிக்குச் சென்ற அவர், அங்கு ரெக் பட்லரிடம் பயின்றார். ‘பெயரறியா அரசியல் கைதி’ என்னும் பொருளில் நடத்தப்பட்ட பன்னாட்டுச் சிற்பப் போட்டியில் 1953இல் முதற்பரிசு பெற்றவர் பட்லர். அப்பரிசு பெற்ற மாதிரியைக் காட்சிக்கூடத்திலேயே ஒருவர் உடைத்தெறிந்தார் என்பது ஐரோப்பியச் சிற்ப வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. பொது இடத்துக்கு உரிய சிற்பம் பொதுமக்களின் சினத்தையும் சந்திக்க நேரும் என்பதைத் தன் படைப்பின் வழியாகவே அறிந்திருந்த ஆசிரியரிடம் குஞ்ஞிராமன் பயின்றார். பின்னாளில் அதே பாடத்தை அவர் மலம்புழையில் தாமே கற்க வேண்டியிருந்தது.

மலம்புழை யட்சி

மலம்புழை அணை 1955இல், பாலக்காடு சென்னை மாநிலத்தோடு இணைந்திருந்த காலத்தில் திறக்கப்பட்டது. அவ்வணையின் பூங்காவில் 1969இல் குஞ்ஞிராமன் ‘யட்சி’யை உருவாக்கி முடித்தபோது அவருக்கு வயது 32. ஏறத்தாழ 30 அடி உயரமுள்ள ஆடையற்ற பெண்ணுருவம். கால்களை அகற்றி நிலத்தில் ஊன்றி அமர்ந்திருக்கிறது. கைகள் கூந்தலை நோக்கி உயர்ந்துள்ளன. முகம் வானை நோக்கி அண்ணாந்துள்ளது. பின்னணியில் மேற்குத் தொடர்ச்சி மலை. அணிகலன் இல்லை, பீடம் இல்லை, கருவி இல்லை. பார்வையாளர் நிற்கும் அதே தரையில் சிற்பமும் அமர்ந்திருக்கிறது.

கட்டுமானக் காலத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. குடும்பத்தோடு மக்கள் வரும் பூங்காவில் இத்தகைய உருவம் எவ்வாறு இருக்கலாம் என்பதே எதிர்த்தோரின் வினா. அவ்வினாவை வெறும் அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கோயில் தூண்களில் ஆடையற்ற உருவங்களைக் கண்டு பழகிய மக்கள் மலம்புழையில் மட்டும் ஏன் அதிர்ந்தனர் என்பது ஆராய்தற்குரியது. இதற்கு இரண்டு காரணங்களைக் கூறலாம். ஒன்று, கோயில் சிற்பம் வரிசையில் ஒன்றாக, சிறிதாக, கட்டடத்தின் உறுப்பாக நிற்பது. யட்சியோ தனியள். மற்றொன்று, அதன் பெயர்.

யட்சி என்ற பெயர் மலையாளிக்கும் தென்தமிழ்நாட்டவர்க்கும் வெறும் புராணச் சொல் அன்று. பாலைமரத்தடியில் நள்ளிரவில் சுண்ணாம்பு கேட்டு நிற்கும் பெண்ணின் கதை வீடுகள்தோறும் சொல்லப்படுவது. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதீகமாலை’யில் இடம்பெறும் காஞ்ஞிரோட்டு யட்சியின் ஊர் பழைய தென்திருவிதாங்கூரைச் சேர்ந்தது. மலம்புழைச் சிற்பம் தோன்றுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1967இல், மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் ‘யட்சி’ நாவல் வெளிவந்தது. மறு ஆண்டே அது கே.எஸ். சேதுமாதவன் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. ஆக அச்சொல் அப்போது மக்கள் நாவில் புழங்கிக்கொண்டிருந்தது. அச்சந்தரும் ஒருத்தியை அச்சமின்றிப் பகலில், பூங்காவில், மலையின் முன் அமரச்செய்தது சிற்பியின் துணிவு.

தமிழ் இலக்கியம் இங்குக் கூடுதல் ஒளி தருகிறது. யட்சியின் தமிழ் வடிவம் இயக்கி. மக்கள் வழக்கில் இசக்கி. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் இயக்கிக்குப் பால் படைத்துத் திரும்பும் மாதரியிடமே கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அங்கு இயக்கி ஆயர்குலப் பெண்கள் வணங்கும் காவல் தெய்வம். சமணத்தில் இயக்கியர் தீர்த்தங்கரர்களைக் காத்து நிற்கும் தெய்வங்கள். சிதறால் மலைப்பாறையில் அவர்களுடைய உருவங்கள் இன்றும் உள்ளன. நீலகேசியில் பழையனூர் நீலி கொடிய பேயாக இருந்து, முனிவர் ஒருவரால் மனம் மாறிச் சமயவாதம் புரியும் அறிவுடையவளாகிறாள். முப்பந்தலிலும் நாஞ்சில் நாட்டின் சிற்றூர்களிலும் வைக்கப்படும் இசக்கியின் சுடுமண், சுதை உருவங்கள் கையில் ஒரு குழவியும் வாயில் ஒரு குழவியுமாகத் தோன்றுகின்றன. காப்பவளும் அவளே, அழிப்பவளும் அவளே. வழிபாட்டில் தாய், கதையில் பேய் என இரண்டாகப் பிளவுபட்ட இவ்வுருவத்தை மீண்டும் ஒன்றாக்கும் முயற்சியாக மலம்புழை யட்சியைக் கொள்ள இடமுண்டு. அவளுடைய கால்கள் நிலத்தில் ஊன்றியிருக்கும் முறை மகப்பேற்று நிலையையும் வளமைத் தெய்வங்களையும் ஒருங்கே நினைவூட்டுகிறது. காம உணர்வைத் தூண்டும் படைப்பு என்று எதிர்த்தோரும், அழகின் கொண்டாட்டம் என்று ஆதரித்தோரும் இதனைக் காணத் தவறினர் என்றே கூற வேண்டும்.

ஓராண்டுக்கு முன், 1968 சனவரியில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னை மெரீனாவில் கண்ணகி உள்ளிட்டோர் சிலைகள் நிறுவப்பட்டன. அங்கே ஒவ்வொரு சிலையும் பெயர், பீடம், வரலாறு ஆகியவற்றோடு நின்றது. அக்காலத்தில் பொதுச்சிலை என்றால் தென்னிந்தியர் கொண்ட பொருள் அதுவே. நினைவுகூரத்தக்க ஒருவரின் உருவம் என்னும் அவ்வரையறையை மலம்புழைச் சிற்பம் மீறியது. அது எவரையும் நினைவுகூரவில்லை.

சுதையிலிருந்து காங்கிரீட்டுக்கு

குஞ்ஞிராமனின் பெருஞ்சிற்பங்கள் காங்கிரீட்டால் ஆனவை. செலவு குறைவு என்பதால் மட்டும் அப்பொருளை அவர் தேர்ந்தார் எனக் கருதுவது முழுமையாகாது. காங்கிரீட் சிற்பம் செதுக்கப்படுவதில்லை, அது வளர்க்கப்படுகிறது. கம்பிக்கூடு எலும்பாகவும், அதன்மேல் ஏற்றப்படும் கலவை தசையாகவும், இறுதிப் பூச்சு தோலாகவும் அமையும். தென்னாட்டுச் சுதைச் சிற்பி கோபுரத்தில் பின்பற்றும் முறையும் இதுவே. செங்கல்லோ மரமோ உள்ளீடாக இருக்க, சுண்ணாம்புக் கலவை உருவமாகிறது. கடுசர்க்கரைப் படிமத்திலும் மரச்சட்டகம் எலும்பாகவும், கயிறு நரம்பாகவும், கலவை தசையாகவும் கொள்ளப்படும். ஆகவே, கல்லிலிருந்து வேண்டாதவற்றை நீக்கும் தபதியின் மரபைக் காட்டிலும் மண்ணையும் கலவையையும் சேர்த்துச் சேர்த்து உருவாக்கும் மரபுக்கே இப்படைப்புகள் நெருக்கமானவை. 2000 சனவரி முதல் நாளில் கன்னியாகுமரியில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையை இங்கு ஒப்புநோக்கலாம். கணபதி ஸ்தபதியின் அப்படைப்பு கல்மரபின் பெருவெற்றி. சங்குமுகத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள்ளாகவே உள்ள கடற்கரையில், சிற்பநூல் அளவைகளுக்கு உட்பட்டு, அது நின்ற கோலத்தில் எழுந்துள்ளது. சாகர கன்யகையில் அத்தகைய அளவைநூல் ஏதும் இல்லை. கடற்கரையின் கிடைமட்டமே அதன் அளவை.

காங்கிரீட்டுக்கு ஒரு குறையும் உண்டு. உப்புக்காற்று நுண்வெடிப்புகளின் வழி உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு பருத்து வெளிப்பூச்சைப் பிளக்கிறது. கல்லைப்போல் விட்டுவிட்டு மறந்துவிட இயலாத பொருள் அது. கோபுரத்துச் சுதைக்குக் குடமுழுக்குதோறும் திருப்பணி உண்டு. பூங்காவில் உள்ள நவீனச் சிற்பத்துக்கு அத்தகைய முறை எதுவும் வகுக்கப்படவில்லை. இதன் விளைவுகள் பின்னர் வெளிப்பட்டன.

சங்குமுகமும் வேளியும்

சாகர கன்யகை உருவாக ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆயின. பணி நடந்துகொண்டிருந்தபோதே ஆபாசம் என்ற குற்றச்சாட்டின் பேரில் அதனை நிறுத்துமாறு நிர்வாகத் தரப்பிலிருந்து அறிவுறுத்தல் வந்தது என்றும், முதலமைச்சர் கே. கருணாகரன் தலையிட்ட பின்னரே பணி தொடர்ந்தது என்றும் சிற்பி பின்னாளில் கூறியுள்ளார். மலம்புழை நிகழ்வுக்கு இருபதாண்டுகளுக்குப் பின்னும் அதே வினா எழுந்தது. இம்முறை அதனை எழுப்பியது பொதுமக்களைவிட அலுவலகமே என்பது கவனிக்கத்தக்கது. மக்கள் அவ்வுருவத்தைச் சில ஆண்டுகளிலேயே தமதாக்கிக்கொண்டனர். கடற்கரைக்கு வரும் குடும்பங்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது நகரத்தின் வழக்கமாயிற்று. உலகின் மிகப்பெரிய கடற்கன்னிச் சிற்பம் என்னும் கின்னஸ் பதிவும் பிற்காலத்தில் கிட்டியது. அதனால் சிற்பத்தின் மதிப்பு கூடிற்று என்று சொல்வதற்கில்லை.

இச்சிற்பத்தைப் பற்றிப் பேசுவோர் ஹென்றி மூரின் கிடந்த பெண்ணுருக்களை எடுத்துக்காட்டுவதுண்டு. இலண்டனில் பயின்ற ஒருவரிடம் அத்தாக்கம் இயல்பே. ஆயின் மூரின் உருவங்களில் உடல் குடைவுகளும் வெற்றிடங்களுமாகப் பாறைத்தன்மை பெறுகிறது. குஞ்ஞிராமனிடம் உடல் உடலாகவே இருந்துகொண்டு, மணல்மேட்டின் வளைவையும் அலையின் ஏற்ற இறக்கத்தையும் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. சூழலோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது முழுமை பெறும். சிற்பத்தைச் சுற்றியுள்ள திறந்தவெளியும் சிற்பத்தின் ஒரு பகுதியே.

நகரின் வடமேற்கில், ஏரியும் கடலும் சந்திக்கும் வேளியில் அவர் மேற்கொண்ட பணி இக்கருத்தை மேலும் தெளிவாக்குகிறது. அங்குள்ள சங்கு முதலான படைப்புகளில் மேடு, பள்ளம், புல்வெளி, நீர்க்கரை ஆகியவற்றோடு வடிவங்களும் இணைந்து ஒரே நிலக்காட்சியாக அமைந்தன. எங்கே சிற்பம் முடிந்து எங்கே பூங்கா தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாமை அவற்றின் சிறப்பு. கண்ணூர்ப் பய்யாம்பலம் கடற்கரையின் தாயுருவும், கொச்சியின் ‘முக்கோலப் பெருமாள்’ என்னும் அருவச் சிற்பமும் இவ்வரிசையில் சேர்த்து எண்ணத்தக்கன. தெய்வப் பெயரைத் தாங்கியும் முகம், கை, கால் என எதுவுமின்றி நிற்கும் பின்னது, ஊர்ப்புறத்தில் நட்டகல்லையே தெய்வமாகக் கொள்ளும் பழைய வழக்கை நினைவூட்டுவதாகும்.

ஆசிரியரும் மாணவரும்

திருவிதாங்கூர் மன்னராட்சியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கப்பட்ட கைத்தொழிற் பள்ளி, 1975இல் நுண்கலைக் கல்லூரியாக உயர்வு பெற்றது. தந்தச் செதுக்குக்குப் புகழ்பெற்ற நகரம் இது; 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்ட தந்த அரியணை இங்கிருந்தே சென்றது. உள்ளங்கையில் அடங்கும் நுண்மையைப் போற்றிய ஊரில், 30 அடி யட்சியைப் படைத்தவர் சிற்பத்துறைத் தலைவராக வந்து சேர்ந்தார்.

ஆசிரியரின் தாக்கம் பின்பற்றுதலாக மட்டும் வெளிப்படுவதில்லை. 1975இல் சேர்ந்த முதல் அணியினருள் ஒருவர் கே.பி. கிருஷ்ணகுமார் (1958–1989). நெருக்கடிநிலைக் காலத்திலும் அதன்பின்னும் கல்லூரியில் எழுந்த மாணவர் போராட்டங்களில் முன்னின்ற அவர், சாந்திநிகேதனில் மேற்படிப்பை முடித்தார். 1987இல் பரோடாவில் நடந்த ‘வினாக்களும் உரையாடலும்’ கண்காட்சியின் வழியாகத் தீவிர ஓவியர் சிற்பிகள் குழுவின் மைய ஆளுமையாக அறியப்பட்டார். குழுவினர் பெரும்பாலும் கேரளத்தவர். திருவனந்தபுரத்தில் பயின்றோர் பலர். அரசு தரும் இடத்திலும் அரசு தரும் பணத்திலும் உருவாகும் நினைவுச்சின்னக் கலை மக்களுக்கு உரியதாகுமா என்பது அவர்கள் எழுப்பிய கேள்விகளுள் ஒன்று. அது அவர்தம் ஆசிரியர் தலைமுறையின் அடிப்படையையே தொடுவது. கிருஷ்ணகுமாரின் ‘கேட்டுக்கொண்டிருக்கும் சிறுவன்’ முதலிய வண்ணந்தீட்டிய உருவங்கள் ஆள் உயரத்தை ஒட்டியவை, பதற்றமானவை, காற்றில் சற்றே அசைவன போன்றவை. யட்சியின் நிலைபேறு அவற்றில் இல்லை. 1989 டிசம்பரில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதோடு குழுவும் கலைந்தது.

இருப்பினும் மறுப்பின் ஊடே ஒரு தொடர்ச்சி இருப்பதைக் காண முடிகிறது. பீடமின்றி, பெயர்ப்பலகையின்றி, பார்ப்பவரின் தரையில் நிற்கும் மனித உடல் என்ற கருத்தைக் கேரளத்தில் வலுவாக நிலைநாட்டியது மலம்புழைச் சிற்பமே. கிருஷ்ணகுமார் அதன் அளவைக் குறைத்தார், அமைதியைக் குலைத்தார், கருத்தைக் கைவிடவில்லை. அதே கல்லூரியில் பயின்ற என்.என். ரிம்சோனின் ‘உட்குரல்’ (1992) சிற்பத்தில், ஆடையற்று நிற்கும் ஓர் ஆணுருவைச் சுற்றி இரும்பு வாள்கள் தரையில் அடுக்கப்பட்டுள்ளன. நின்ற கோலத் தீர்த்தங்கரரை நினைவூட்டும் அவ்வுருவம் சாகர கன்யகை நிறைவுபெற்ற அதே ஆண்டில் வெளிவந்தது. ஆசிரியர் இயக்கியை எடுத்தார். மாணவர் தலைமுறை அருகனை எடுத்தது. தென்கேரளத்திலும் குமரிப்பகுதியிலும் மண்ணுக்குள் மறைந்த சமணப் படிவம் ஒரே காலத்தில் இருவேறு கைகளில் மேலெழுந்தது தற்செயலா என்பது தனியே ஆய்வு செய்தற்குரியது.

காவலற்ற காவல் தெய்வங்கள்

பொது இடச் சிற்பத்துக்கு எதிரிகள் அதனை வெறுப்போர் மட்டுமல்லர். 2001 டிசம்பரில் மெரீனாவிலிருந்து அகற்றப்பட்ட கண்ணகி சிலை 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது. அங்கு எதிர்ப்பும் ஆதரவும் வெளிப்படையாக இருந்தன. சங்குமுகத்தில் நிகழ்ந்தது வேறு. 2020இல் விமானப்படையில் பணிமுடித்த எம்.ஐ-8 வகை ஹெலிகாப்டர் ஒன்று சுற்றுலாக் காட்சிப்பொருளாகச் சாகர கன்யகையின் அருகில் கொண்டுவந்து வைக்கப்பட்டது. அதை வைத்தோருக்குச் சிற்பத்தின்மீது பகை எதுவும் இல்லை. அவ்விடம் காலியாக இருப்பதாக அவர்கள் எண்ணினர். அவ்வெற்றிடமும் தம் படைப்பின் பகுதியே என்று சிற்பி வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். வேளியிலும் அதே ஆண்டு சிறுவர் இரயில் திட்டம் தொடங்கப்பட்டதோடு, தாம் வகுத்த நிலக்காட்சி சிதைக்கப்பட்டதாக அவர் முறையிட்டார்.

2022இல் கேரள அரசு முதன்முறையாக அறிவித்த மாநில உயர் விருதுகளில் ‘கேரள ஸ்ரீ’ அவருக்கு வழங்கப்பட்டது. சங்குமுகம், வேளி, கண்ணூர் ஆகிய இடங்களிலுள்ள தம் படைப்புகள் சீர்செய்யப்படாத நிலையில் அவ்விருதை ஏற்க இயலாது என்று அவர் மறுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 85. 2019இல் மலம்புழை யட்சியின் ஐம்பதாம் ஆண்டு விழாவாகக் கொண்டாடப்பட்டதையும், அடுத்த மூன்றாண்டுகளில் எழுந்த இப்பூசலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கேரளச் சமூகம் இச்சிற்பங்களின் உடலை ஏற்றுக்கொண்டு அவற்றின் இடத்தை ஏற்றுக்கொள்ளாதிருப்பது புலனாகும். ஆடையின்மை பற்றிய வழக்கு ஏறத்தாழ முடிந்துவிட்டது. வெளி பற்றிய வழக்கு முடியவில்லை.

இடையே கடலும் தன் பங்கைச் செய்துவருகிறது. 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலுக்குப் பின்வந்த ஆண்டுகளில் சங்குமுகத்தின் மணற்பரப்பும் கடற்கரைச் சாலையின் பகுதிகளும் அரிப்புக்கு உள்ளாயின. ஆராட்டு ஊர்வலம் வந்து சேரும் மணல்திட்டே குறுகிவிட்டது. சாலைக்கு இப்பால், பூங்காவில், கடலோடு முன்பிருந்ததைவிட அணுக்கமாகச் சாகர கன்யகை கிடக்கிறாள்.